பரணுக்குச் சக்கரம்

டெக்சாஸில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், காருக்கென்று கட்டிய அறையில் கார் நிற்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தவணையில் வாங்கிய வண்டி வெயிலிலும் ஆலங்கட்டி மழையிலும் வெளியே கிடக்கும். உடைந்த மடக்கு நாற்காலியும் காற்றுப்போன பந்தும் காலி அட்டைப்பெட்டிகளும் உள்ளே நிழலில் சுகமாக இருக்கும். எங்கள் தெருவுக்கு மட்டும் பிடித்த கிறுக்கு இது என்று நினைத்திருந்தேன். லாஸ் ஏஞ்சல்ஸில் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் புகுந்து, மூலை முடுக்கெல்லாம் படமெடுத்துக் கணக்கெடுத்த ஆய்வாளர்கள் 2012ல் ஒரு புத்தகம் போட்டார்கள். அங்கே நான்கில் மூன்று கராஜ்களில் கார் நுழைய இடமில்லையாம். புத்தகத்தில் முதல் பெயர் ஜீன் அர்னால்டுடையது. அவர் தொல்லியல் பேராசிரியர். சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. பனி கொட்டும் வடக்கு மாநிலங்களில் வீட்டுக்கடியில் நிலவறை இருக்கும். வேண்டாததை அங்கே இறக்கிவிடலாம். டல்லாஸைச் சுற்றியுள்ளது கரிசல் மண். மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கிற மண். கோவில்பட்டிக் கரிசலுக்குத் தூரத்து உறவு. அதில் நிலவறை தோண்டினால் செலவும் கூட, தலைவலியும் கூட என்பதால் பெரும்பாலும் தோண்டுவதில்லை. கூரைக்கடியில் இருக்கிற இடுக்கில் வைக்கலாமென்றால், கோடை வெக்கையில் மெழுகுவர்த்தி நெளிந்துவிடும். ஆக, எல்லாப் பாரமும் கராஜ் தலையில்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் நான் பிறந்த வீட்டில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று பின்னால் நீண்டுகொண்டே போகும் வீடு. நடுவில் சன்னல் இல்லாத அரங்குவீடு. அதற்கு மேலே பரண். அதுதான் எங்கள் குடும்பத்தின் சேமிப்புக் கிட்டங்கி. கல்யாணத்துக்கும் சடங்குக்கும் மட்டும் இறங்கும் அண்டா, குண்டான், பித்தளைத் தூக்குகள். வைக்கோலில் சுற்றிய கொலு பொம்மைகள். அடுத்த பிள்ளை பிறக்கும்வரை ஓய்வெடுக்கும் தொட்டில். தாத்தாவின் டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் யாருக்கும் புரியாத பத்திரங்கள். "தூக்கிப் பரண்மேல போடு" என்று ஆச்சி சொல்லிவிட்டால் அந்தப் பொருளின் கதை அத்தோடு முடிந்தது என்று பொருளில்லை. அதற்கு மறுபடி ஒரு நாள் வேலை வரும். யாரோ ஏணி போட்டு ஏறுவார்கள், தும்முவார்கள், கீழே நிற்பவர்கள் கை நீட்டுவார்கள்.

பழைய பரணைக் கறையான் தின்றபிறகு புதிதாகப் போட எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆசாரி வந்தார். அவருக்கு ஊரில் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தாத்தாவைவிட மூத்தவர். ஆனாலும் தாத்தாவுக்கு அவர் "என்ன ஆசாரி", அவருக்குத் தாத்தா "அய்யா".

மரம் தயாராவதே ஒரு வருடக் காரியம். தோட்டத்தில் விழுந்த பூவரசை முந்தின கோடையிலேயே அறுத்து, குளத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் அடுக்கிக் காயவைத்திருந்தார்கள். தாங்குகட்டைக்கு வைரம் பாய்ந்த பனை. ஆசாரி ஒரு பலகையை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் விளிம்பு வழியாகத் தூரத்தில் எதையோ குறிபார்ப்பார். பிறகு பலகையைத் திரும்பக் கீழே வைத்துவிடுவார்.

"இன்னும் எத்தன நாளு ஆசாரி?" என்பார் தாத்தா.

"மரம் சொல்லணும்லா அய்யா."

மரம் சொல்கிறவரை அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருப்பார். வேலை தொடங்கியதும் தரையில் உட்கார்ந்து, பலகையைக் கால்விரல்களால் கவ்விப் பிடித்துக்கொண்டு இழைப்பார். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக வரும் மரத்தோலை நாங்கள் காதில் மாட்டிக்கொண்டு திரிவோம். இரும்பு ஆணி மிகக் குறைவு. ஒரு கட்டையின் முனையை உளியால் செதுக்கி, மறு கட்டையில் பொளிந்த துளைக்குள் இறக்கி, குறுக்கே மூங்கில் ஆணி. கடைசியில் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார். அது கையில் பட்டால் தோல் வெந்துவிடும் என்று எங்களை விரட்டுவார். கறையானுக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

அவரது உளிகள்மேல் எனக்கு ஒரு கண். ஒருநாள் கொட்டாப்புளியைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தாலுகா ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்த அப்பா பார்த்துவிட்டார். "கணக்குல என்ன மார்க்கு வாங்கிருக்கான்னு கேளுங்க. ஒழுங்காப் படிக்கலன்னா வையி, ஆசாரிகூட உளி தூக்க அனுப்பிருவேன்" என்றார். ஆசாரி இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கவில்லை. இழைப்புளி மட்டும் ஓர் இழுப்பு நீளமாகப் போயிற்று.

எங்கள் தெருவில் அன்றைக்கு அது வழக்கமான மிரட்டல்தான். மாடு மேய்க்க அனுப்புவேன், மூட்டை தூக்க அனுப்புவேன் என்பவற்றோடு இதுவும் ஒன்று. பள்ளிக்கூடம் என்பதே கையில் கருவி படாமல் பிழைப்பதற்கான வழி என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். ஆயுதபூஜையன்று மட்டும் ஆசாரியின் உளிக்கும் என் கணக்குப் புத்தகத்துக்கும் ஒரே பலகையில் சந்தனம் வைப்பார்கள். மறுநாள் காலையில் இரண்டும் தங்கள் தங்கள் ஜாதிக்குத் திரும்பிவிடும்.

மிரட்டல் பலித்தது. படித்தேன். கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, விரல் நுனியைத் தவிர வேறெதையும் அசைக்காமல் சம்பாதிக்கிற அளவுக்குப் படித்தேன். அந்தச் சம்பாத்தியம் என்னைக் கொண்டுவந்து விட்டிருக்கிற நாட்டில், சனிக்கிழமை காலையில் நான் செய்வது என்னவென்றால், ஹோம் டிப்போவில் ஒரு பலகையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் விளிம்பு வழியாகக் குறிபார்ப்பது.

ஹோம் டிப்போவின் முதல் கடைகள் 1979ல் அட்லாண்டாவில் திறந்தன. ஆளை வைக்காதே, நீயே செய் என்பதை ஒரு பெரிய வியாபாரமாக்கிய கடை. அங்கே போய் நின்றால் மனிதர்களின் தராதரமே தலைகீழாகத் தெரியும். எங்கள் எதிர்வீட்டுப் பல் டாக்டர் கோழிக்கூடு கட்ட மரம் வாங்குவார். வக்கீல் ஒருவர் கதவுக்குக் கீல் பொறுக்குவார். இடுப்பில் டேப் செருகியிருப்பவருக்கு மரியாதையாக வழிவிட்டு நிற்பார்கள். வேலைக்கு ஆள் கூப்பிட்டால் வாசலில் வந்து நிற்பதற்கே ஒரு கூலி கேட்பான் என்பது ஒரு காரணம். கையால் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் இருக்கிற பெருமை இன்னொரு காரணம்.

கராஜில் சேர்ந்துபோன சாமான்களைக் கறுப்பு உடலும் மஞ்சள் மூடியுமான பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டுவைத்திருந்தோம். ஒவ்வொன்றும் 27 கேலன். லிட்டர் கணக்கில் நூறுக்குச் சற்று மேல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்ததால், தேடுகிற பொருள் எப்போதும் அடிப்பெட்டியில்தான் இருக்கும். அதற்கு மரச்சட்டம் அடித்து, பெட்டிகளை மேசை இழுப்பறைபோல இழுக்க வசதி செய்து, அடியில் சக்கரமும் வைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

"இரும்பு ரேக்கு இதைவிட மலிவா கிடைக்குதே" என்றாள் என் மனைவி.

"மலிவுக்காகவா செய்யறேன்?"

"அப்ப எதுக்கு?"

அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க டேப்பை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டேன்.

மரம் அளக்கத் தொடங்கியபோதுதான் என் படிப்பின் லட்சணம் தெரிந்தது. இந்தியா 1956லேயே சட்டம் போட்டு மெட்ரிக் அளவுக்கு மாறிய நாடு. பள்ளியில் எனக்குச் சொல்லித்தந்தது சென்டிமீட்டரும் மில்லிமீட்டரும். அந்தச் சட்டம் எட்டாத இடம் ஆசாரியின் மடக்கு அடிக்கோல்தான். அவருக்கு அங்குலம், அங்குலத்துக்கு எட்டு நூல். "மூணே முக்கால் அங்குலம், ஒரு நூல் தள்ளி" என்று வாயால் சொல்லிக்கொண்டே கோடு போடுவார். அறிவியல் வாத்தியாரிடம் போய் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அமெரிக்கா 1975ல் மெட்ரிக்குக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இஷ்டமிருந்தால் மாறலாம் என்றது சட்டம், யாருக்கும் இஷ்டமில்லை. மரக்கடையில் இன்றும் அடி, அங்குலம், அங்குலத்தில் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. ஐந்தே எட்டில் மூன்றிலிருந்து இரண்டே பதினாறில் ஏழைக் கழிக்க நான் கைபேசியைத் தேடுகிறேன். ஆசாரிக்கு அது அஞ்சங்குலம் மூணு நூல், ரெண்டங்குலம் மூணரை நூல். வெற்றிலையை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றுவதற்குள் விடை சொல்லியிருப்பார். எந்த நாட்டுக்குப் போவதற்காகக் கணக்குப் படித்தேனோ, அந்த நாட்டின் கணக்கு எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தது.

அவர் இங்கே வந்திருந்தாலும் ஓரிடத்தில் சண்டை பிடித்திருப்பார். இங்கே சட்டம் அடிக்கிற மரத்துக்கு 'டூ பை ஃபோர்' என்று பெயர். இரண்டங்குலக் கனம், நான்கங்குல அகலம் என்று நம்பி டேப்பை வைத்தால், ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும். அறுத்த பச்சை மரம் காய்ந்தால் சுருங்கும், இழைத்தால் இன்னும் தேயும், பெயர் மட்டும் தேயாது என்பது மர வியாபாரிகளின் நியாயம். 1924ல் முதல் பொதுத் தரவிதி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து 1970 விதியோடு இன்றைய ஒன்றரைக்கு மூன்றரையில் வந்து நின்றது. கனத்திலும் அகலத்திலும் நாலு நாலு நூல் காணோம். ஊரில் ஒரு மரக்கடைக்காரர் இப்படிச் செய்திருந்தால் தாத்தா பஞ்சாயத்தைக் கூட்டியிருப்பார். இங்கே அதை விதியாகவே அச்சடித்துவிட்டதால் யாரும் ஏமாறுவதில்லை.

மரம் காயக் காத்திருக்கவும் வேண்டாம். சூளையில் காயவைத்து, ஈரம் 19 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று பலகை மேலேயே முத்திரை குத்தியிருக்கும். ஆசாரி ஒரு வருடம் காத்திருந்து கேட்ட வார்த்தையை எனக்கு மரம் மையில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் முறுக்கிக்கொண்ட பலகை அந்த முத்திரையோடுதான் முறுக்கிக்கொண்டிருக்கும். எனவே கண்ணை மூடிக் குறிபார்ப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

சட்டத்தின் சூட்சுமம் எளியது. பெட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். பெட்டியின் வாய்விளிம்பு சுற்றிலும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் நீளக் கட்டைகளை ரயில்தண்டவாளமாக வைத்தால், விளிம்பு அதன்மேல் தொங்கிக்கொண்டு சறுக்கும். இதற்கு அளவு புத்தகத்தில் கிடைக்காது. ஒரு பெட்டியைத் தூக்கி வைத்து அதிலிருந்தே எடுக்கவேண்டும். இடைவெளி ஒரு நூல் குறைந்தால் பெட்டி சிக்கும். இரண்டு மூன்று நூல் கூடினால் கனம் ஏறிய பெட்டி வளைந்து நழுவிக் காலில் விழும். ஆசாரி இப்படித்தான் அண்டாவைப் பக்கத்தில் உருட்டிவரச் சொல்லி, ஒரு குச்சியை அதன் குறுக்களவுக்கு ஒடித்து, பரணின் வாயை அந்தக் குச்சியால் அளந்தார். அடிக்கோலைத் தொடவேயில்லை.

அறுக்கும்போது ரம்பத்தின் வாய் ஒரு நூல் மரத்தைத் தின்றுவிடும். அதை விட்டுத்தான் கோடு போடவேண்டும். மூலை சரியாக மட்டம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளக்கவேண்டும், இரண்டும் ஒன்றாக வந்தால் சரி. அவரும் ஒரு சணலை மூலைக்கு மூலை பிடித்து இதையேதான் செய்தார். வித்தியாசம் வேகத்தில் இருந்தது. மூங்கில் ஆணியை அவர் சீவி முடிப்பதற்குள், என் கையிலிருந்த மின்சாரத் துரப்பணம் கட்டைக்குள் ஒரு கைப்பிடி திருகாணியை இறக்கிவிடும். அவருடைய மூட்டு எத்தனை காலம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். என் திருகாணிக்கும் ஆயுள் உத்தரவாதம் உண்டு. அது அட்டையில் அச்சடித்திருக்கிறது.

சக்கரம்தான் ஆசாரிக்குப் புரியாத சமாச்சாரமாக இருந்திருக்கும். வீட்டோடு சேர்ந்த பரண் எதற்கு நகரவேண்டும்? இங்கே நகரவேண்டும். பின்னால் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்க, சுவரோரம் கூட்ட, என்றைக்காவது காரை உள்ளே விடுகிற ஞானம் வந்தால் ஒதுங்கி நிற்க. எட்டுப் பெட்டிகள், சராசரி நாற்பது பவுண்டு என்றால் 320. சட்டம் நூறு. ஆக 420 பவுண்டு. நான்கு சக்கரத்துக்குத் தலா 105 என்று வகுத்துவிட்டால் தப்பு. சிமெண்டுத் தரை எங்கேயும் முழு மட்டமாக இருப்பதில்லை. ஏதாவதொரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில் சும்மா இருக்கும். அதனால் மூன்றால் வகுத்து, 140 தாங்குகிற சக்கரம் வாங்கவேண்டும். நான்கு பேர் பார்க்கிற வேலையில் ஒருவர் எப்போதும் சும்மா நிற்பார் என்பதை அலுவலகத்திலேயே படித்திருந்ததால் இந்தக் கணக்கு எனக்கு எளிதாகப் புரிந்தது. தரையில் வெடிப்பு ஓடாமலிருக்கக் கீறி விட்டிருக்கும் கோடுகளில் சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்ளும். ஐந்தங்குலச் சக்கரம் தாண்டிவிடும். கனமான பெட்டி கீழே, இலேசானது மேலே. மேல்பெட்டியை முழுக்க வெளியே இழுத்தால் சட்டமே நம்மேல் சாய வரும்.

நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கட்டாயம். காரோடு வருகிற மழைத்தண்ணீர் வழிந்து போவதற்காக கராஜ் தரையை வாசலை நோக்கிச் சரித்துத்தான் போடுவார்கள். வழக்கமான சரிவு அடிக்கு எட்டில் ஓர் அங்குலம். நம் கணக்கில் அடிக்கு ஒரு நூல். இருபதடிக்கு இருபது நூல், அதாவது இரண்டரை அங்குலம். பிரேக் இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்தின் சொத்து தானாகவே தெருவுக்குப் புறப்பட்டுவிடும்.

சொத்து என்று பெருமையாகச் சொன்னேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டியில் கொலு பொம்மைகள். பரணிலிருந்து நேர் வாரிசாக வந்தது அது ஒன்றுதான். மற்றதில் கிறிஸ்துமஸ் விளக்குச் சரம். பனிக்கோட்டுகள், டெக்சாஸில் அவை வெளியே வருவது அபூர்வம். செத்துப்போன கணினிகளின் வயர்கள். எந்த வயர் எதற்கு என்பது தாத்தாவின் பத்திரங்களைப்போல யாருக்கும் புரியாது. மகன் மூன்றாம் வகுப்பில் செய்த எரிமலை. கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி, என்றைக்காவது வீடு மாறினால் வேண்டும் என்பதற்காக மடித்து. ஊர் வீட்டில் ஏணி போட்டு ஏறித்தான் எடுக்கவேண்டியிருந்த பரணிலிருந்து அடிக்கடி ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிற இந்தப் பெட்டிகளை இழுக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

ஆனால் பாராட்டு கிடைத்தது. மரத்தூள் ஒட்டிய முகத்தோடு சட்டத்தின் பக்கத்தில் நான் நிற்கும் படத்தைப் பார்த்து அலுவலகத்தில் கைதட்டினார்கள். எங்கள் மேலாளர் தன் மரப்பட்டறைக்கே என்னை அழைத்தார். பல் டாக்டர் வந்து தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். எங்கள் தெருவில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தபோது, இதே மரத்தை இதே வெயிலில் தோளில் சுமந்து, கூரைச்சட்டத்தில் ஒற்றைக்காலில் நின்று ஆணியடித்தவர்கள் ஸ்பானிஷ் பேசும் தச்சர்கள். அவர்களை யாரும் படமெடுத்ததாக ஞாபகமில்லை. கூலிக்குச் செய்தால் வேலை, கூலி வாங்காமல் செய்தால் திறமை. அப்பாவின் தராசுதான் இங்கேயும் தொங்குகிறது. தட்டுக்கு மட்டும் வேறு வர்ணம் அடித்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கும் படத்தை அனுப்பினேன். வெகுநேரம் பதிலில்லை. பிறகு அம்மா கூப்பிட்டாள். "நல்லாத்தான் இருக்கு. சொந்தக்காரங்களுக்கு அனுப்பிராத" என்றாள்.

அவள் சொல்வதற்குள் ஒருவருக்கு அனுப்பியாகிவிட்டது. ஆசாரியின் இளைய மகனுக்கு. என்னைவிட இரண்டு வகுப்பு கீழே படித்தவன். இப்போது திருநெல்வேலியில் மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் எல்லாம் செய்துகொடுக்கிறான். வடிவமைப்பு கணினியில், அறுப்பது எந்திரத்தில். எல்லாம் பலகையாக வந்து இறங்கும், திருகிப் பூட்டினால் போதும். தன் அப்பாவின் உளிகளைக் கடையின் வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருப்பதாக முன்பு சொல்லியிருந்தான். படத்தைப் பார்த்ததும் அவனே கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, யாரு செஞ்சது?"

"நாந்தான்."

"ஆளு வைக்கலையா?"

"இல்லப்பா. எல்லாம் என் கையாலதான். மூலை மட்டம் எப்படி இருக்குன்னு பாத்தியா?"

மட்டத்தைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கிட மாட்டியள்லா? வேலைக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே? அமெரிக்காவுல கம்ப்யூட்டர் ஆளுகளையெல்லாம் குறைக்கான்னு டிவியில சொல்லுதான்."

"சே, அதெல்லாம் இல்ல. சும்மா ஆசைக்குச் செஞ்சேன்."

நம்பவில்லை என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்தது.

"சரி அண்ணாச்சி. எதுக்கும் சொல்லி வைக்கேன். இங்க மரத்துல கை பழகுன ஆளு கிடைக்கவே மாட்டேங்கான். எல்லாப் பயலும் படிச்சிட்டுப் போயிருதான். நீங்க ஊருக்கு வந்தியன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. சாப்பாடு நம்ம பொறுப்பு. கூலி பேசிக்கிடலாம்."